நாப்பதுல நின்ன முள்ளு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. ஆங், போதும் போதும். உக்கடமுங்களா? நான் சுந்தராபுரத்துல எறங்கிக்குவேன். என்ற மச்சான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சறான். பத்தரைக்கு நல்ல நேரம்.

இந்தப் பட்டு வேட்டியோட பஸ்ல ஏறினவனை நீங்க ஒரு மாதிரி பார்த்தீங்க. நான் கவனிச்சேன். கார் இருக்குதுங்க. சும்மா கார் இல்லீங்க, ஐம்பத்தாறாம் வருஷத்து லேண்ட்மாஸ்டர். அம்பாசடருக்கு அண்ணன்னு வெச்சுக்குங்க. அது இப்ப கிணத்துக்கடவுல டீக்கடை முன்னால நிக்குது. ஓட்டிட்டு வர்றது என்ற ஊட்டுக்காரி சுலோசனா. அவ டீ குடிச்சுட்டு இருக்கறா. நான் பஸ்ல வர்றேன்.

ஏன்னு கேக்கறீங்க. நீங்க கேக்கலை, ஆனா மூஞ்சி கேக்குது. நானாத்தான் எறங்கினேன். அதை மொதல்லயே தெளிவாச் சொல்லிடறேன். "ஒண்ணு வாயை மூடிட்டு வாங்க, இல்லாட்டிப் பஸ்ல வாங்க"ன்னா. நான் பேசவே இல்லீங்க தம்பி. பொள்ளாச்சியில இருந்து கிணத்துக்கடவு வரைக்கும், "ப்ரேக்கு"ன்னு ஒரு வார்த்தை, "லாரி"ன்னு ஒரு வார்த்தை, "கியரு"ன்னு ஒரு வார்த்தை. எல்லாம் ஒத்தை ஒத்தை வார்த்தை. எல்லாத்தையும் சேர்த்து ஒரு அம்பது தடவை சொல்லியிருப்பேன். இது ஒரு பேச்சா? பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

இப்ப எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அவ வர்றதுக்கு முன்னாடி நான் போய் அந்த ஊட்டு வாசல்ல நிக்கோணும். அங்க சொந்தக்காரங்க, ஒறம்பரைன்னு எம்பது பேரு இருப்பாங்க. பொண்டாட்டி கார்ல வந்து எறங்கி, புருசன் பின்னாடி பஸ்ஸுல வந்தா, எழவு ஊட்டுலகூட அதைச் சொல்லிச் சிரிப்பானுங்க. நான் முன்னாடி போயிட்டேன்னு வைங்க, "வண்டியை அவ பழகட்டும்னு உட்டுட்டு வந்தேன்"னு கெத்தாச் சொல்லிக்குவேன். அதெல்லாம் போயிருவேன். அவ நாப்பதைத் தாண்ட மாட்டா. வேகம்னாலே அவளுக்கு அத்தனை பயம்.

இந்த நாப்பதுதான் தம்பி என்ற குடும்பத்துல பூந்த சனியன்.

பொள்ளாச்சி மார்க்கெட் பக்கத்துல எனக்குப் படத்துக்கு ஃப்ரேம் போடற கடை. தெய்வசிகாமணி கண்ணாடிக் கடைன்னா எல்லாருக்கும் தெரியும். போன சித்திரையில உடுமலை ரோட்டுல நானும் அவளும் போயிட்டு இருக்கறோம். அவகிட்ட ஒரு சேதி சொல்லிட்டே ஓட்டறேன். பேசறப்ப எதிராளி மூஞ்சியைப் பார்த்துப் பேசறதுதானுங்களே மரியாதை? நான் மரியாதையாப் பேசிட்டு இருந்தப்ப ஒரு இளநிக்கடை ரோட்டுக்கு வந்துருச்சு. கடை எப்படிங்க வரும்னு அவ இன்னைக்கு வரைக்கும் கேக்கறா. வந்துச்சுங்க, என்ன பண்றது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஒரு அம்பது இளநி மட்டும் வாய்க்கால்ல உருண்டு போச்சு.

அன்னிக்கே என்னைப் புள்ளையார் கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிட்டா. "சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க மாமா. இனி நாப்பதைத் தாண்ட மாட்டேன்னு சொல்லுங்க." நான் ஒரு நொடிகூட யோசிக்கலை. பட்டுனு அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். அவளுக்கே ஆச்சரியம். ஏன்னா, தம்பி, அந்தக் கால வண்டி பாருங்க, ஸ்பீடாமீட்டர்ல இருக்கறதெல்லாம் மைல் கணக்கு. முள்ளு நாப்பதுல நின்னா, ரோட்டுல நாம போறது அறுவத்தி நாலு. சத்தியத்துல நான் மைலுன்னும் சொல்லலை, கிலோமீட்டருன்னும் சொல்லலை. புள்ளையாரும் கேக்கலை.

நாலு மாசம் நிம்மதியா ஓடுச்சு. அவ பக்கத்துல உக்காந்து முள்ளையே பார்த்துட்டு வருவா, நாப்பதுன்னு கண்டதும் சாஞ்சுக்குவா. அப்பத்தான் ஸ்பீடாமீட்டர் படுத்துருச்சு. முள்ளு சைபர்ல விழுந்து எந்திரிக்கவே இல்லை. "முள்ளு ஏறாம நான் வண்டியில ஏற மாட்டேன்"னுட்டா.

கடைவீதியில காஜா மைதீன்னு ஒருத்தர் இருக்கறாரு. ஆட்டோ மீட்டரு, கடியாரம், கரண்டு மீட்டரு, எது ஓடலைன்னாலும் ஓட வெச்சுருவாரு. எல்லாருக்கும் அவரு மீட்டர் பாய். அவருகிட்ட வண்டியக் கொண்டு போனோம். டாஷ்போர்டுக்கு அடியில தலையை உட்டாரு, அஞ்சே நிமிஷத்துல ஒரு கம்பியை உருவி எடுத்துட்டாரு. கியர்பாக்ஸுல இருந்து சுத்திட்டே வந்து முள்ளைத் தூக்கற கம்பி அதுதான். பாதியில அத்துக் கெடந்துச்சு. "அறுவது எழுவது வருஷம் சுத்தியிருக்குதுங்கண்ணா, அதுக்கும் அலுப்பு இருக்குமில்ல"ன்னாரு. புதுக் கம்பி அளந்து வெட்டி, கிரீஸ் தடவி மாட்டினாரு. சக்கரத்தைத் தூக்கி வெச்சு ஓட்டிக் காட்டினாரு, முள்ளு அழகா எந்திரிச்சுது.

அதோட வந்திருக்கோணும். நம்ம நேரம், பாயோட பூதக்கண்ணாடி மேசை மேல கெடந்துச்சு. அதை எடுத்து இவ ஸ்பீடாமீட்டரை உத்துப் பார்க்கறா.

"பாய், கீழ குட்டியா எம்.பி.எச்.னு போட்டிருக்குதே, என்னங்க அது?"

நான் இருமினேன். பாய்க்கு அது புரியலை.

"மைலுங்கக்கா."

"ஒரு மைலுன்னா எத்தனை கிலோமீட்டர்?"

"ஒண்ணரைக்கு மேலயே வருமுங்க."

அவ என்னைப் பார்த்தா. கோவப்படலைங்க. கோவப்பட்டிருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன். பூதக்கண்ணாடியைக் கீழ வெச்சுட்டு, "இதைக் கிலோமீட்டருக்கு மாத்திக் குடுங்க பாய்"ன்னா. பழைய நெம்பரை எல்லாம் அழிச்சு, கணக்குப் போட்டு, தன் கையாலேயே புது நெம்பர் எழுதிக் குடுத்தாரு அந்த மனுசன். அத்தனை சுத்தமான வேலை. ஏதோ தற்செயலா அவ கண்ணுல பட்டுப்போச்சு. இல்லாட்டி அவளுக்கு இந்த மெசின் சமாச்சாரமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க.

நாப்பது கிலோமீட்டர்னா என்னன்னு தெரியுமுங்களா? டி.வி.எஸ் ஃபிப்டியில தீவனக் கட்டு வெச்சுட்டுப் போறவன் நம்மளைத் தாண்டிப் போறான். போறப்பத் திரும்பி, "என்னங்கண்ணா, வண்டி மக்கரா?"ன்னு கேக்கறான். மினி பஸ்ஸுக்காரன் பின்னாடியே நின்னு ஹாரனை அமுக்கறான். எனக்கு நெஞ்சு வேகுது. சூடம் அடிச்ச சத்தியம், இந்தத் தடவை தப்பிக்க வழியே இல்லை.

அப்பத்தான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன். நீங்க கோயமுத்தூர்க்காரரு, எங்க ஊர்ல யாரையும் தெரியாதுங்கறதால சொல்றேன்.

கண்ணாடியைக் கீறல் இல்லாமக் கழட்டி மாட்டறதுதானுங்களே என்ற தொழிலு. ஒரு ஞாயித்துக்கிழமை அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தா. ஸ்பீடாமீட்டர் மூடியைத் திருகி, கண்ணாடியை எடுத்தேன். ஃப்ரேமுக்குப் பின்னாடி அட்டை நிக்கறதுக்குச் சின்னதா ஒரு ஆணி அடிப்போம், தலையே இருக்காது. அதுல ஒண்ணை எடுத்து, நாப்பதுக்கு நேரா, முள்ளு அதுக்கு மேல போகாத மாதிரி நட்டுட்டேன். அதுக்குக் கறுப்பு மை தொட்டு வெச்சேன். கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பார்த்தாலும் தெரியாது. முள்ளு பத்து, இருவது, முப்பதுன்னு ஒழுங்கா ஏறும். நாப்பதுல போய் ஆணியில சாஞ்சு நின்னுக்கும். வண்டி எழுவதுல போனாலும் முள்ளு நாப்பதுதான்.

சுலோசனாவுக்கு அத்தனை சந்தோசம். "பாய் கைராசியைப் பாருங்க மாமா. முள்ளு ஆடாம அசையாம நாப்பதுல அப்படியே நிக்குது!" எனக்குக் கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு. இத்தனை வெள்ளந்தியா ஒருத்தி இருப்பாளா?

அந்தச் சமயத்துல அவளுக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. வண்டியில ஏறினதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பா. எறங்கறப்ப இன்னொருக்காப் பார்ப்பா. புதுசா வாங்கின வாட்சு, ஆசையிருக்குமில்ல? ஒரு நாள் கல்யாணத்துக்குக் கோயமுத்தூரு வந்தோம். பொள்ளாச்சியில இருந்து உக்கடம் நாப்பது கிலோமீட்டருன்னு வைங்க. எறங்கினதும் கேட்டா, "ஏனுங்க மாமா, முப்பத்தெட்டு நிமிஷத்துல வந்துட்டோம். கோயமுத்தூரு கிட்ட வந்துருச்சுங்களா?"

"புது ரோடு போட்டாங்கல்ல அம்மிணி. வளைவெல்லாம் எடுத்துட்டாங்க. தூரம் கொறஞ்சு போச்சு"ன்னேன்.

"ஓ"ன்னா. அவ்வளவுதான். நம்பிட்டா.

ஆனா முள்ளு எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? மேல போறேன், மேல போறேன்னு அது தள்ளுது. ஆணி உடமாட்டேங்குது. மொதல்ல டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். கடியாரம் மாதிரி நல்லா இருக்குதுன்னு நான் சொல்லிச் சமாளிச்சேன். ரெண்டாவது மாசம் முள்ளு ஒடிஞ்சு கண்ணாடிக்குள்ளயே விழுந்துருச்சு.

அன்னிக்கு அவ பேசினதைக் கேட்டிருக்கோணும். "ரெண்டு மாசம் தாங்கலை. நம்மளை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க மாமா. இதைச் சும்மா உடக்கூடாது. வெள்ளிக்கிழமை ஆனைமலை போலாம். மொளகா அரைச்சுப் பூசிரலாம்."

எனக்கு உசுரே இல்லை. மாசாணியம்மன் கோயில் உங்களுக்குத் தெரியாததா? திருட்டுக் குடுத்தவங்க, ஏமாந்தவங்க எல்லாம் அங்க போய் மொளகாயை அரைச்சு நீதிக்கல்லுல பூசுவாங்க. தப்புப் பண்ணினவன் எங்க இருந்தாலும் ஒடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியும்பாங்க. எங்க பக்கத்துல அதை வெளையாட்டுக்குக்கூட யாரும் பேச மாட்டாங்க.

"பாவம் அம்மிணி, பாய் நல்ல மனுசன், புள்ளை குட்டிக்காரரு"ன்னேன்.

"பாயைன்னு நான் சொன்னனா? பேரே சொல்லப் போறதில்லை. இந்த மீட்டரை எந்தக் கை கெடுத்துச்சோ அந்தக் கைக்குன்னு மட்டும் வேண்டிக்குவேன். எந்தக் கைன்னு அம்மனுக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு எறங்கலை. வியாழக்கிழமையே கை எரிய ஆரம்பிச்சுருச்சு. கடையில ரெண்டு கண்ணாடியை ஒடைச்சேன். இவ பாட்டுக்குக் கால் கிலோ வரமொளகாயை மஞ்சப்பையில போட்டு ஆணியில மாட்டி வெச்சிருக்கறா. வீட்டுக்குள்ள எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பைதான் கண்ணுல படுது. "முள்ளு இல்லாட்டிப் பரவால்லை, அம்மன் கோயிலுக்குத்தானே, மெதுவாப் போங்க"ன்னு அனுமதி குடுத்தா. அன்னிக்கு நான் இருவதைத் தாண்டலைங்க. முள்ளு இல்லாமலே எனக்குத் தெரிஞ்சுது.

கோயில்ல அன்னிக்குக் கூட்டம். அம்மிக்கிட்ட வரிசையா நிக்கறாங்க. எங்க முறை வந்துச்சு. இவ மொளகாயை அம்மியில கொட்டி, தண்ணியைத் தெளிச்சா. குழவியைத் தூக்கி என்ற கையில குடுத்துட்டா.

"நீங்களே அரைங்க மாமா. வண்டி உங்க பேருலதானே இருக்குது. நட்டப்பட்டவங்கதான் அரைக்கோணும்."

தம்பி, என்னை நானே எரிச்சுக்கறதுக்கு என்ற கையாலயே மொளகா அரைக்கச் சொல்றா. குழவியைப் புடிச்சுட்டு நிக்கறேன். இன்னும் ஒரு மொளகாகூட நசுங்கலை, எனக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. பின்னாடி நின்ன ஒரு அம்மா, "நெம்ப நட்டமாட்டம் இருக்குது, பாவம்"ங்குது.

"அம்மிணி"ன்னேன்.

"சொல்லுங்க."

"ஆணி."

"எந்த ஆணி?"

"நாப்பதுக்குப் பக்கத்துல. நான்தான் நட்டேன்."

வரிசையில நின்னவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. இவ மூஞ்சி அசையவே இல்லை. அத்தனை அதிர்ச்சி அவளுக்கு! மொளகாயை ஒண்ணு உடாம அள்ளித் திருப்பிப் பையில போட்டுட்டு, கையை நீட்டினா.

"சாவி."

அம்மன் சன்னிதியில வெச்சுக் கேட்டா எப்படிங்க குடுக்காம இருக்கறது? குடுத்தேன். "உனக்கு எங்க அம்மிணி ஓட்டத் தெரியும்? லைசென்ஸு வேண்டாமா?"ன்னு கேட்டேன். அதே மஞ்சப்பையில கையை உட்டு ஒரு அட்டையை எடுத்துக் காட்டறா. லைசென்ஸுங்க! நான் கடையில இருக்கற நேரம் பார்த்துப் பழகியிருக்கறா. தேதியைப் பார்த்தேன். இளநிக்கடை சமாச்சாரத்துக்கு மூணு மாசம் முன்னாடியே எடுத்திருக்கறா. எதுக்கு எடுத்தான்னு எனக்கு இன்னும் வெளங்கலை. ஒரு அட்ரஸ் ப்ரூஃபுக்கு ஆகட்டும்னு எடுத்திருப்பா.

மறுநா அந்த மொளகாயிலதான் தோசைக்குச் சட்னி அரைச்சா. பொருளை வீணாக்க மாட்டா, அந்தக் கொணம் நல்ல கொணம்.

பாய்கிட்ட மறுபடி போனோம். முள்ளை ஒட்டினாரு. அந்த ஆணியை இடுக்கியில புடுங்கி, வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தாரு. "இது நான் போட்டது இல்லீங்களேண்ணா"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்குத் தலையைத் தூக்க முடியலை. இந்த மனுசனை ஏமாத்துக்காரனாக்கப் பார்த்தனேன்னு நெனைச்சா இப்பவும் வெக்கமா இருக்குதுங்க. அவரு ஆணியைக் காயிதத்துல மடிச்சு என்ற சட்டைப் பையில வெச்சாரு.

அன்னையில இருந்து சாவி அவகிட்ட. நான் பக்கத்துல உக்காந்துட்டு வர்றேன். நாப்பதுன்னா நாப்பது, நூல் புடிச்சாப்புல ஓட்டறா. நான் சொல்லிக்குடுத்தாக் கேக்கறதில்லை. "மாமா, நீங்க பேசப் பேச எனக்குக் கை நடுங்குது. அதுக்குத்தான் மெதுவாப் போறேன்"னு ஒரு சாக்கு. பயம்னு ஒத்துக்கறதுக்கு மனசு வரலை. என்னைச் சொல்றா.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டிட்டமுங்களா? நல்லாத்தான் போறான் டிரைவரு. எப்படியும் அறுவத்தஞ்சு இருக்கும். இந்நேரம் அவ டீ டம்ளரைக் கீழ வெச்சிருப்பா. நான் போய் மூஞ்சி கழுவி, சந்தனம் வெச்சு, வாசல்ல நின்னு "வா அம்மிணி"ன்னு வரவேத்து...

யாருங்க அவன், இப்படி ஹாரன் அடிக்கறான்? இந்த ஹாரன் எங்கயோ கேட்ட ஹாரனா இருக்குதே.

தம்பி, கொஞ்சம் குனிங்க. கொஞ்சம் குனிங்க, தெரியலை. பச்சைக் கலரு. ஆமாங்க. அது நம்ம வண்டிங்க! சுலோசனா! அம்மிணி! காது கேக்கலை. திரும்பியே பார்க்கலை பாருங்க, கண்ணு ரோட்டுலயே இருக்குது. ஒரு கையில ஸ்டியரிங்கு, ஒரு கை ஜன்னல் மேல. வாய் அசையுது, பாடிட்டுப் போறாளா என்னமோ. லாரியை முந்திட்டா. அந்தக் காரையும் முந்திட்டா. அடேயப்பா, கண்டக்டர், நம்ம பஸ்ஸு எத்தனையில போகுது? எழுவதா? அப்ப அவ?

நீங்க ஏன் தம்பி சிரிக்கறீங்க? சிரிக்கற விசயமா இது? பாவங்க அவ. முள்ளு மறுபடியும் நின்னு போச்சாட்டம் இருக்குது. நாப்பதுல போறதா நெனைச்சுட்டு எம்பதுல போயிட்டு இருக்கறா. தெரிஞ்சா அங்கயே மயக்கம் போட்டு விழுந்துருவா, அத்தனை பயந்தவ. கண்டக்டர், டிரைவர்கிட்டக் கொஞ்சம் சொல்லுங்க, எட்டிப் புடிக்கட்டும். யாராவது போய் அவகிட்டச் சொல்லோணுமில்ல?